தாரண வருடம் தை மாதம் பிறந்தவருக்கு என்ன வயது?

தாத்தாவின் ஜாதகத்தில் "தாரண வருடம், தை" என்று மட்டும் இருந்தால் அதுவே போதும். அறுபது வருடச் சுற்றில் பிரபவ முதலாவது. அது 1867, 1927, 1987 ஏப்ரல் நடுவில் தொடங்கியது. தாரண 18ஆவது, ஆகவே 1927உடன் 17ஐக் கூட்டினால் 1944.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். 1944 என்பது சித்திரை தொடங்கிய ஆண்டு. மார்கழி நடுப்பகுதியிலேயே ஆங்கில ஆண்டு மாறிவிடும். தை, மாசி, பங்குனி முழுக்க அடுத்த ஆண்டில்தான் வரும். ஆக அவர் பிறந்தது 1945 ஜனவரி நடுவுக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில். மார்கழி என்றால் தேதி தெரியாமல் ஆண்டை முடிவு செய்யாதீர்கள்.

2025 டிசம்பரில் கணக்கிட்டால், அந்த ஆண்டின் பிறந்தநாள் கடந்துவிட்டதால் 80 முடிந்து 81 நடக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் நடப்பு வயதைச் சொல்வார்கள், விண்ணப்பத்தில் முடிந்த வயதைத்தான் எழுத வேண்டும். சரிபார்க்க நல்ல வழி அறுபதாம் கல்யாணம்: அடுத்த தாரண 2004-05. அதையொட்டி நடந்திருந்தால் கணக்கு சரி.

பூமர், மில்லினியல் போன்ற தலைமுறைப் பெயர்கள் அமெரிக்கப் பகுப்பு. அதில் 1946 முதல் 1964 வரை பூமர். 1944 என்றாலும் 1945 என்றாலும் இவர் அதற்கு முந்தையவர்.