இரண்டு வீடுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு நாலு மாதப் பெண் குழந்தை. போன ஞாயிற்றுக்கிழமை அவளை மடியில் போட்டுக்கொண்டிருந்தபோது நான் தும்மினேன். அவள் முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு கேள்வி மனதைக் குடைகிறது. துக்கம் என்று ஒன்று இல்லாவிட்டால் மகிழ்ச்சி இருக்க முடியுமா? இருட்டு இல்லாமல் வெளிச்சத்துக்கு அர்த்தம் உண்டா? மின்சாரத்தில்கூட நேர், எதிர் இரண்டும் தேவைப்படுகின்றன. சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அங்கே இருப்பவர்களுக்கு இரண்டே நாளில் அலுத்துப் போகாதா? 'இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந்தோரே' என்று நம் புறநானூறும் இதைத்தானே சொல்கிறது?

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். இதற்கு முன் இரண்டு முறை கலைந்துவிட்டது. அந்த இரண்டும் நடந்திருக்காவிட்டால் இந்தச் சிரிப்பு நமக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்காது என்று அன்று மனைவியிடம் சொன்னேன். இரண்டு நாளாக அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. போகட்டும். இந்த எதிர்மறைகளைப் பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ம.

*

அன்புள்ள ம.,

குழந்தைக்கு என் ஆசிகள். பெயரை எழுத மறந்துவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தில் 'போகட்டும்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு முன்னால் உள்ள நாலு வரிதான் கடிதம். மற்றதெல்லாம் அதன்மேல் போட்டு மூடிய சாக்கு.

சாக்கை முதலில் ஓரமாக எடுத்துப் போட்டுவிடுகிறேன். மின்சாரத்துக்கும் உங்கள் வீட்டுத் தொட்டிலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சொர்க்கம் அலுக்குமா என்பதை எல்லோரும் ஒருநாள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை. இருட்டு என்பது வெளிச்சம் இல்லாமை, ஒப்புக்கொள்கிறேன். துக்கம் என்பது சந்தோஷம் இல்லாமையா? பல்வலிக்காரன் 'எனக்கு இன்றைக்குச் சந்தோஷம் கொஞ்சம் குறைச்சல்' என்றா சொல்கிறான்? அவனுக்குப் பல் வலிக்கிறது, அவ்வளவுதான். இரண்டு சொற்களைப் பள்ளிக்கூடத்தில் எதிர்ச்சொல் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக உலகத்திலும் அவை முதுகோடு முதுகு ஒட்டித்தான் பிறந்திருக்கின்றன என்று நம்பிவிடுகிறோம்.

தும்மலுக்கு எதிர்ச்சொல் என்ன? உங்கள் மகள் எதனோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்தாள்? அவளுக்குப் பசி தெரியும், ஈரத்துணி தெரியும், தடுப்பூசிகூடத் தெரியும். ஆனால் அப்பா மூக்கிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததும் அவள் ஊசியை நினைத்துப் பார்த்து, 'அதற்கு இது தேவலை' என்று முடிவுசெய்து சிரிக்கவில்லை. கேட்டாள், சிரித்தாள். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் உங்கள் மடியிலேயே கிடந்திருக்கிறது. நீங்களோ அதை அங்கே போட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

உங்கள் கட்சிக்கு நானே ஒரு பெரிய சாட்சியைத் தருகிறேன். சாக்ரடீஸ் சாகப்போகும் நாளில் காலிலிருந்த விலங்கைக் கழற்றுகிறார்கள். அவர் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சொல்கிறார்: இன்பமும் துன்பமும் ஒரே தலையில் ஒட்டிய இரண்டு உடல்கள் மாதிரி இருக்கின்றன, ஒன்றைத் துரத்திப் பிடித்தால் மற்றதும் கூடவே வந்துவிடுகிறது என்று. எழுதிவைத்தவர் பிளேட்டோ. செருப்பு கடித்த காலோடு வீடு வந்து, வாசலில் அதைக் கழற்றும் யாருக்கும் இது புரியும். ஆனால் நம் ஊரில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. நிம்மதி. வலி போன இடத்தில் வருவது நிம்மதி. அதே பிளேட்டோ இன்னொரு நூலில் வாசனையைப் பற்றிச் சொல்கிறார்: முன்னால் எந்த வலியும் இல்லாமலே திடீரென்று வருகிற இன்பம் அது, போன பிறகும் வலி எதையும் விட்டுச் செல்வதில்லை. பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து பிச்சிப்பூ வாசம் வருகிறது. அதற்கு முந்தின நிறுத்தத்தில் சாக்கடை நாறியிருக்க வேண்டும் என்று சட்டமா?

ஸ்காட்லாந்தில் ஒரு பெண்மணி. அறுபதைத் தாண்டிய வயதில் கையில் அறுவை சிகிச்சை நடந்தது. வலி மாத்திரையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மயக்க மருத்துவருக்குச் சந்தேகம் வந்து சோதிக்க அனுப்பினார். இரண்டு மரபணு மாற்றங்கள் அகப்பட்டன, 2019ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. அந்த அம்மாவுக்குப் பிறந்ததிலிருந்தே வலி என்பது ஏறக்குறையக் கிடையாது. கை அடுப்பில் பட்டால் தோல் கருகும் வாசனை வந்த பிறகுதான் தெரியுமாம். பயம், பதற்றம், மனச்சோர்வு இவற்றை அளக்கும் கேள்வித்தாளில் அவருக்குக் கிடைத்தது பூஜ்யம். அவர் ரத்தத்தில் ஒரு வேதிப்பொருள் மற்றவர்களைவிட அதிகம். 1992ல் ஜெருசலேமில் அதைக் கண்டுபிடித்தவர்கள் நம்முடைய ஆனந்தத்தை எடுத்து அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள். உங்கள் கணக்குப்படி இந்த அம்மா ஜடமாக இருந்திருக்க வேண்டும். அவரோ கலகலப்பான, கொஞ்சம் மறதிக்கார ஆசிரியை. வலிக்கு ஒரு வேலை இருக்கிறது, மறுக்கவில்லை. கையை அடுப்பிலிருந்து எடு என்று சொல்வது அதன் வேலை. சந்தோஷத்துக்கு ருசி கூட்டுவது அதன் வேலை இல்லை.

சரி, புறநானூறு. கோபம் வந்தது இங்கேதான். பாட்டின் வாலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நீங்கள் மட்டுமில்லை, மேடையில் பேசுகிறவர்கள் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். 194ஆம் பாட்டு, பக்குடுக்கை நன்கணியார் பாடியது. தலையிலிருந்து படியுங்கள். 'ஓரில் நெய்தல் கறங்க, ஓரில் ஈர்ந்தண் முழவின் பாணி ததும்ப'. ஒரு வீட்டில் சாப்பறை. இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. ஒருத்தி பூச்சூடிக்கொண்டிருக்கிறாள், இன்னொருத்தியின் மையிட்ட கண்ணிலிருந்து நீர் கொட்டுகிறது. இரண்டு வீடு, ஐயா. இரண்டு பெண்கள். அந்தச் சாவுதான் இந்தக் கல்யாணத்தை இனிக்க வைக்கிறது என்று புலவர் எங்காவது சொல்கிறாரா? பறைச்சத்தம் கேட்டதால் முழவுக்குச் சுதி கூடியது என்கிறாரா? அடுத்த வரியில் என்ன செய்கிறார் தெரியுமா? திட்டுகிறார். 'படைத்தோன் மன்ற அப்பண்பிலாளன்'. இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்தவன் பண்பில்லாதவன் என்று படைத்தவனையே வைகிறார். அதற்குப் பிறகுதான் நீங்கள் சொன்ன வரி. உலகம் கொடியது, அதன் குணம் தெரிந்தவர்கள் இனியதைப் பாருங்கள் என்கிறார். கொடியதிலிருந்து இனியதைப் பிழிந்தெடுங்கள் என்று அவர் சொல்லவே இல்லை.

நீங்கள் செய்த காரியம், அந்தச் சாவு வீட்டுக்குள் போய் அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம், 'பக்கத்து வீட்டு மேளம் உன்னால்தான் இவ்வளவு இனிமையாகக் கேட்கிறது' என்று சொன்னது. இதில் அந்த இரண்டு வீடும் ஒரே பெண்ணின் உடம்புக்குள் இருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். கலைந்தது என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டீர்கள். மேகம் கலைந்தது மாதிரி. உங்களுக்கு அது ஆஸ்பத்திரி வராந்தா. அவருக்கு அது அப்படி இல்லை. அந்த இரண்டும் இந்த மகளுக்காகச் செலுத்திய முன்பணம் என்று ஒருவர் சொன்னால், அதுவும் புருஷனே சொன்னால், என்ன செய்வார்? இரண்டு நாள்தானே பேசவில்லை? பொறுமைசாலி.

உங்களை இவ்வளவு திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். இதே தப்பை நான் அச்சிலேயே செய்தவன்.

என் தாய்மாமா அம்பாசமுத்திரத்தில் ரயில் நிலையம் போகிற வழியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் ஆறேழு, மற்றபடி பஞ்சர், கோட்டம் எடுப்பது. அவரைப் போல ஒரு சந்தோஷமான மனிதரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. டியூபைக் கழற்றிக் காற்றடித்து, வாயகன்ற இரும்புச் சட்டித் தண்ணீரில் சாண் சாணாக அமுக்கிக்கொண்டே வருவார். ஒன்றும் இருக்காது, ஒன்றும் இருக்காது, சட்டென்று ஓரிடத்தில் கடுகு மணி போலக் குமிழி கிளம்பி மேலே வரும். 'வந்துட்டாருல்லா!' என்பார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பஞ்சர் என்றால் பத்து தடவையும் அதே 'வந்துட்டாருல்லா'. அப்புறம் காப்பியிங் பென்சிலில் ஒரு வட்டம், உப்புத்தாள், சொல்யூஷன், ஊதிக் காயவைத்து ஒட்டு, மேலே சுத்தியலால் செல்லமாக நாலு தட்டு.

ஊரில் அவருக்கு 'விவரம் பத்தாத ஆள்' என்று பெயர். காரணமில்லாமல் சந்தோஷமாக இருப்பவனை நாம் அப்படித்தான் சொல்வோம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, நிறையப் படித்திருந்தேன், ஆகவே ஊரைவிட மோசமாக யோசித்தேன். இந்தச் சிரிப்புக்குப் பின்னால் பெரிய சோகம் ஒன்று இருந்தே தீரவேண்டும் என்று முடிவுகட்டி அம்மாவிடம் போய் விசாரித்தேன். 'மாமாவுக்கு உள்ளுக்குள்ள என்னம்மா கஷ்டம்?' அம்மா அரிசி களைந்துகொண்டே, 'அவனுக்கென்ன கஷ்டம், மூலம்தான்' என்றாள்.

மூலத்தை வைத்துக்கொண்டு இலக்கியம் செய்ய முடியாது. அதனால் நானே ஒரு சோகத்தைச் செய்து வைத்தேன். கதையில் சைக்கிள் கடைக்காரருக்கு ஒரு மகள். குளத்தில் மூழ்கி இறந்துவிடுகிறாள். அன்றிலிருந்து அவர் தண்ணீரில் குமிழியைத் தேடிக்கொண்டே இருக்கிறார், சிரித்துக்கொண்டே. 1991ல் ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. 'சிரிப்பின் அடியில் உறைந்த கண்ணீர்' என்று பாராட்டி நாலு கடிதம் வந்தது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

மாமாவுக்கு நிஜமாகவே ஒரு மகள். அப்போது ஐந்தாம் வகுப்பு. கடைக்கு வரும் தமிழாசிரியர் ஒருவர் பத்திரிகையைக் கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்திருக்கிறார். தமிழாசிரியர்கள் எல்லாவற்றையும் நல்ல எண்ணத்தோடுதான் செய்வார்கள்.

அடுத்த முறை நான் ஊருக்குப் போனபோது அவர் டியூபை அமுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

'மருமவனே, எம்மவள எதுக்குடே கொன்ன?'

நான் என்னென்னமோ சொன்னேன். அது நீங்க இல்ல மாமா, கற்பனை. ஒருத்தர் எந்நேரமும் சிரிச்சிட்டிருக்கார்னா கதையில அதுக்கு ஒரு காரணம் வேணும்லா, இல்லேன்னா படிக்கிறவன் நம்பமாட்டான். வாசகனைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன் என்று நினைக்கிறேன்.

அவர் சட்டியிலிருந்து கையை எடுத்து லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

'காரணம் வேணும்னா, நல்லதா ஒண்ணு எழுதப்பிடாதா?'

பதில் சொல்லத் தெரியாமல் பம்பை எடுத்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டு அவள் வந்துவிட்டாள். பையைக் கடைக்குள் எறிந்துவிட்டு, 'அத்தான் எப்ப வந்திய?' என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஹேண்டில் பாரைத் திருகிக்கொண்டு நின்றேன்.

பின்னால் ஆச்சி, அதாவது மாமாவின் அம்மா, இறந்தபோது அவர் அழுததையும் பார்த்தேன். தெருவில் புரண்டு அழுதார். பதினாறு நாள் கடை திறக்கவில்லை. பதினேழாம் நாள் முதல் பஞ்சர் வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். துக்கம் அந்தச் சிரிப்பை ஆழமாக்கியிருக்கும் என்று அப்போதும் எனக்குள் ஒரு எழுத்தாளன் காத்துக்கொண்டிருந்தான். டியூபை அமுக்கினார். குமிழி வந்தது. 'வந்துட்டாருல்லா!' துளி ஆழமும் கூடவில்லை, துளியும் குறையவில்லை. பழைய சிரிப்பேதான்.

அந்தக் கதையை என் தொகுப்பு எதிலும் நான் சேர்க்கவில்லை. நல்ல கதை என்று இப்போதும் ஒன்றிரண்டு பேர் சொல்வதுண்டு. நகல் கேட்டு எழுத வேண்டாம்.

உங்கள் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று போய் உட்கார்ந்து மறுபடியும் விளக்கம் கொடுத்துவிடாதீர்கள். புறநானூற்றையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரே வரி. அதற்கு அவர் அழுதால் அழட்டும், அந்த நேரத்தில் குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்துச் சமாதானம் பண்ணாதீர்கள். அது வேறு வீடு.

அடுத்த கடிதத்தில் மகளின் பெயரை எழுதுங்கள்.