அடகு நகையை நம்பி ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா?

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். வயது 46. எல்லாம் போக மாதம் 40,000 ரூபாய் வரை மிஞ்சும். சின்ன வயதிலிருந்தே பழைய ஸ்போர்ட்ஸ் கார் மேல் ஆசை. இப்போது 1951 மாடல் எம்ஜி டிடி ஒன்று 30 லட்சத்துக்கு வருகிறது. இன்ஜின் மட்டும் அம்பாசடருடையது, நன்றாகவே ஓடுகிறது. மைத்துனர் 5 லட்சம் போடுகிறேன் என்கிறார். ஷெட் அவரிடம் இருப்பதால் ஆர்சி அவர் பெயரில் இருக்கட்டும் என்கிறார். என்னிடம் எஃப்டி 7 லட்சம் உள்ளது. மனைவியின் 30 பவுன் நகை மேல் ஏற்கெனவே 9 லட்சம் கடன். அது மூன்று வருடத்துக்கு முன் மைத்துனரின் டைல்ஸ் கடைக்காக வாங்கியது, வருடா வருடம் வட்டி கட்டிப் புதுப்பித்து வருகிறேன். தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு இன்னும் 10 லட்சம் தருகிறார்கள். மீதி 8 லட்சத்துக்கு வீட்டுப் பத்திரம் இருக்கிறது. கல்யாணம், ஷூட்டிங் என்று வாடகைக்கு விட்டால் வட்டி வந்துவிடும், ஐந்து வருடத்தில் விலை இரட்டிப்பாகும் என்பது மைத்துனரின் கணக்கு. மனைவிக்கு மனமில்லை. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறாராம். அதற்குள் முன்பணம் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பெங்களூர்க்காரர் வாங்குவதானால் வாங்கிக்கொள்ளட்டும்.

உங்கள் ஆசையை நான் குறை சொல்லவில்லை. எம்ஜி டிடி அழகான வண்டி. நீண்ட பானெட், முழங்கையை வெளியே வைத்துக்கொள்ள வாகாகத் தாழ்த்தி வெட்டிய கதவு, முன்பக்கம் மடித்துப் படுக்கவைக்கக்கூடிய கண்ணாடி, பின்னால் பெட்ரோல் டேங்க்கோடு ஒட்டி நிற்கும் ஸ்டெப்னி. 54 குதிரைத்திறன்தான், ஆனால் ஓட்டுகிறவருக்கு அது போதும். இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1950 முதல் 1953 வரை செய்தார்கள், பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. இதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகவே அறிந்திருப்பீர்கள்.

எனக்குக் கவலை காரைப் பற்றியதல்ல, அந்த 9 லட்சத்தைப் பற்றியது. கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். 10 சதவீத வட்டி என்று வைத்தாலும் வருடம் 90,000. மூன்று வருடத்தில் 2.7 லட்சம் கட்டியிருக்கிறீர்கள், அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. புதுப்பிப்பது என்ற சொல்லே நிம்மதி தருகிறது, ஏதோ வேலை முடிந்த மாதிரி. உண்மையில் அது இன்னொரு வருடத்துக்குப் போடும் புதுக்கடன். இப்போது தங்கம் ஏறியதும் அதே நகைக்கு மேலும் 10 லட்சம் என்கிறார்கள். உங்கள் மனைவியின் நகை மதிப்பு கூடியதன் பலன் அவருக்குச் சேர வேண்டியது. அதை இன்னொரு கடனாக்கி மைத்துனர் பெயரில் ஒரு வண்டியாக மாற்றப் பார்க்கிறீர்கள். நாளை தங்கம் சரிந்தால், வித்தியாசத்தைக் கட்டுங்கள் என்று கேட்பார்கள். கட்ட முடியாவிட்டால் ஏலம்தான். தங்கம் ஏறும்போதெல்லாம் கடனையும் ஏற்றுவதுதான் உங்களைக் கெடுக்கிற பழக்கம். கார் இல்லாவிட்டால் அடுத்த வருடம் வேறு ஏதாவது வரும்.

சரி, காரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். புது நகைக்கடன் 10 லட்சத்துக்கு வட்டி வருடம் 1 லட்சம். பத்திரக் கடன் 8 லட்சத்துக்கு 11 சதவீதம் என்றால் 88,000. எஃப்டியை உடைப்பதால் போகும் வட்டி சுமார் 49,000. இன்ஷூரன்ஸ், டயர், பேட்டரி, மெக்கானிக், இங்கிலாந்திலிருந்து வரவழைக்கும் உதிரிபாகம் எல்லாம் சேர்த்து 90,000 என்று வையுங்கள், நல்ல வருடத்தில் கொஞ்சம் குறையலாம். ஆக வருடத்துக்கு 3.25 லட்சம் சொச்சம். ஐந்து வருடத்தில் 16 லட்சத்துக்கு மேல். 30 லட்சத்துக்கு வாங்கிய வண்டியை 46, 47 லட்சத்துக்கு விற்றால்தான் கைக்காசு திரும்பும். புரோக்கர் கமிஷன் தனி. அதாவது விலை வருடம் 9 சதவீதம் ஏறினாலும் உங்களுக்கு லாபம் பூஜ்யம்.

அப்படி ஏறுமா? மைத்துனர் பேப்பரில் படித்ததைச் சொல்லியிருப்பார். 2022-ல் ஒரு பழைய மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூப்பே 13.5 கோடி யூரோவுக்கு விற்றது, நம் பணத்தில் 1,100 கோடி. உண்மைதான். ஆனால் அந்த மாடலில் செய்தது மொத்தமே இரண்டு, இரண்டும் அதுவரை கம்பெனியிடமே இருந்தன. கோடிகளில் பேசப்படும் ஃபெராரி 250 ஜிடிஓ வண்டிகளில் செய்தது 36. எம்ஜி டிடியோ கிட்டத்தட்ட 30,000 செய்திருக்கிறார்கள். பழையது எல்லாம் அபூர்வம் ஆகிவிடாது. இங்கிலாந்தில் நல்ல நிலையில் இருக்கும் டிடியே ஏறக்குறைய 15,000 முதல் 25,000 பவுண்டுக்குள் கிடைக்கிறது. உங்களிடம் கேட்கிற விலை கிட்டத்தட்ட அந்த உச்சம், அதுவும் இன்ஜின் மாற்றிய வண்டிக்கு. இன்னொன்று, இந்த வகைக் கார்களை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் இளவயதில் பார்த்து ஏங்கியவற்றையே தேடுகிறார்கள். எம்ஜி டிடியைப் பார்த்து வளர்ந்த தலைமுறை முதுமையில் இருக்கிறது. இப்போது பணம் கையில் உள்ளவர்கள் எண்பது, தொண்ணூறுகளின் வண்டிகளைத் தேடுகிறார்கள். இந்தச் சந்தை ஒரே சீராக ஏறுவதும் இல்லை. 1980களின் கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஏறிய விலைகள் 1990களின் தொடக்கத்தில் பயங்கரமாக விழுந்தன.

அந்த அம்பாசடர் இன்ஜினை நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் நம் ஊரில் அப்படி மாற்றுவது சகஜம், குற்றமில்லை. ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் விலையே சேசிஸ் (அடிச்சட்டம்) எண்ணும் இன்ஜின் எண்ணும் கம்பெனி விட்டபடி பொருந்துவதில்தான் இருக்கிறது. டிடியில் இருக்க வேண்டியது 1,250 சிசி எக்ஸ்பிஏஜி இன்ஜின். அது இல்லாத வண்டிக்கு 30 லட்சம் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய வண்டியை 20,000 ரூபாய் கட்டி விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். நம்பரில் 'விஏ' எழுத்து வரும், 10 வருடம் செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. உங்கள் வண்டி அங்கேயே இடறும். அந்தப் பதிவு கிடைத்தாலும் கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே ரோட்டில் ஓட்டலாம். வாடகைக்கு விட இடமில்லை. அப்புறம் கல்யாண ஊர்வலத்தில் எப்படி வட்டி சம்பாதிப்பது?

ஆர்சி மைத்துனர் பெயரில் என்பதற்கு நேரடியாகவே முடியாது என்று சொல்லுங்கள். 30-ல் 25 லட்சம் உங்களுடையது, கடன் உங்கள் பெயரில், வண்டி மட்டும் அவருடையதா? நாளை அவர் விற்றாலும் அடகு வைத்தாலும் கேட்கக் கையில் ஒரு காகிதம் இருக்காது. டைல்ஸ் கடைக்குக் கொடுத்த 9 லட்சத்தில் எவ்வளவு திரும்பி வந்தது என்று அவரிடம் கேட்டீர்களா? மனைவியின் அண்ணன் தம்பி என்பதால் உங்களுக்குச் சங்கடம், புரிகிறது. ஆனால் நகைக்கு உரியவரே வேண்டாம் என்கிறார். அவர் பெயரைச் சொல்லியே நீங்கள் மறுக்கலாம்.

ஆசையை அப்படியே விட முடியவில்லை, கிளாசிக் காரில் சிறு பங்கு விற்கிற ஆப் ஏதாவது பரவாயில்லையா என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். வெளிநாடுகளில் அப்படி விற்கிறார்கள், புதுசாக இருப்பதால் கவர்ச்சியாகவும் இருக்கிறது. வேண்டாம். ஸ்டியரிங்கைத் தொடக்கூட உரிமை இருக்காது, விற்க நினைக்கும்போது வாங்க ஆள் கிடைப்பதும் உறுதியில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது: எஃப்டியில் 5 லட்சத்தை உடைத்து நகைக்கடன் அசலில் கட்டுங்கள். 7 சதவீத வட்டிக்குப் போட்டு வைத்து 10 சதவீதக் கடனைச் சுமப்பதில் பொருளில்லை. 2 லட்சம் அவசரத்துக்கு இருக்கட்டும். கட்டிய தொகைக்குத் தகுந்த நகையை விடுவித்துத் தரக் கேளுங்கள், தருகிற இடங்கள் உண்டு. மீதி 4 லட்சத்துக்கு மாதம் 30,000 கட்டினால் ஒன்றேகால் வருடத்தில் முடியும். மகள் கல்லூரிக்குப் போகிற நேரத்தில் 30 பவுனும் வீட்டில் இருக்கும், பத்திரமும் பீரோவிலேயே இருக்கும். அதுவரை அவிநாசி ரோட்டில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போய் பழைய வண்டிகளை ஆசைதீரப் பாருங்கள்.

கடன் முடிந்தபின்னும் ஆசை இருந்தால், கையில் சேர்த்த பணத்தில், உங்கள் பெயரில், இன்ஜின் எண் பொருந்துகிற வண்டியாகத் தேடுங்கள். டிடி வண்டியின் தகட்டுக்குள் மரச்சட்டம் இருக்கும், நம் ஈரத்துக்கும் கரையானுக்கும் அது தாங்காது. கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கீல் இருக்கும் தூண் அசைந்தால் உள்ளே மரம் உளுத்துவிட்டது, எவ்வளவு பளபளப்பாகப் பெயின்ட் அடித்திருந்தாலும் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். கடைசி நகையை மீட்டதும் எழுதுங்கள், மாதம் எவ்வளவு ஒதுக்கலாம் என்று அப்போது பார்க்கலாம்.