பக்கவாதம் வந்து கை கால் தேறிய பிறகும் அப்பா எதிலும் அக்கறை இல்லாமல் உட்கார்ந்தே இருக்கிறார். இது சோம்பலா, மனச்சோர்வா?

சோம்பலை முதலில் தள்ளி வையுங்கள். காலமெல்லாம் கடலுக்குப் போன மனிதருக்கு ஒரே ராத்திரியில் சோம்பல் வந்து ஒட்டிக்கொள்ளாது. சொன்னால்தான் குளிக்கிறார், தட்டை வைத்தால்தான் சாப்பிடுகிறார், வீட்டில் எல்லோரும் திட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். திட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். அடிபட்டது மூளை.

நான் டாக்டர் இல்லை. உச்சிப்புளி, மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் வீடு வீடாகப் போகும் பிசியோதெரபிஸ்ட். டாக்டர் ஐந்து நிமிடம் பார்க்கிற ஆளை நான் மாதக்கணக்கில் பார்க்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். வாதம் என்றால் கையும் காலும் வாயும்தான் என்று நாம் நினைக்கிறோம். ரத்தம் போகாமல் செத்த இடம் எது என்பதைப் பொறுத்து மனநிலை, முனைப்பு, கவனம் மூன்றில் எது வேண்டுமானாலும் கெடலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்: ஆள் சும்மா உட்கார்ந்திருப்பார்.

நான் பார்த்த ஒரு சம்மாட்டி, சொந்தமாக விசைப்படகு வைத்திருந்தவர். சித்திரையில் வாதம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. ஊரே உட்கார்ந்திருந்தது. தடை முடிந்து படகுகள் இறங்கி மறுநாள் கரைக்கு வந்தபோதுதான் வீட்டுக்காரம்மாவுக்கு உறைத்தது. மீன்பாடு எப்படி, இறால் எவ்வளவு, என்ன விலைக்குப் போனது, எதையும் மனிதர் கேட்கவில்லை. "தம்பி, காலு நல்லா வந்துருச்சு, ஆளைத்தான் காணோம்" என்றார் அந்த அம்மா. இதைவிடச் சரியாக எந்தப் புத்தகமும் சொல்லிவிட முடியாது.

சம்மாட்டிக்கு அழுகை இல்லை, வருத்தம் இல்லை. கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார், அது பொய்யும் இல்லை. ஒரு கிழிந்த வலையை மடியில் வைத்து, "ஐயா, இந்த இடத்துல முடிச்சு எப்படிப் போடணும்?" என்று கேட்டேன். விரல்கள் தானாக வேலையைத் தொடங்கின. நன்றாகவே போட்டார். வலையை எடுத்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. இன்ஜினில் கோளாறு இல்லை, செல்ஃப்தான் எடுக்கவில்லை, தள்ளிவிட்டால் ஓடும். இதை முனைப்பின்மை என்கிறார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையும், ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்ளியா, தலாமஸ் ஆகிய பகுதிகளும் சேர்ந்த ஒரு சுற்றுதான் 'எழுந்து செய்' என்ற உந்துதலைத் தருகிறது. அந்தச் சுற்றில் எங்கே அறுந்தாலும் இது வரலாம். ஆழத்தில் சின்ன அடைப்பாக இருந்தால் சிலருக்குக் கை கால் பலவீனம் லேசாகத்தான் இருக்கும், முனைப்பு மட்டும் போய்விடும். வீட்டார் அதிகமாக ஏமாறுவது இங்கேதான்.

இவரைப் போன்றவர்களிடம் "நடக்கலாமா?" என்று கேட்கவே கூடாது. "வேணாம்" என்பதுதான் பதிலாக வரும். "எந்திரிங்க, வாசல் வரைக்கும்" என்று கை கொடுங்கள். அந்த வீட்டில் சாயங்காலம் பள்ளிவாசல் பாங்குச் சத்தம் கேட்டால் நடை என்று வைத்தோம். அவர்கள் இந்துக் குடும்பம்தான், ஆனால் எங்கள் கரையில் பாங்கை விட நம்பகமான கடிகாரம் வேறு கிடையாது. உள்ளேயிருந்து வராத உந்துதல் வெளியிலிருந்து தினமும் ஒரே நேரத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

மனச்சோர்வு வேறு. வாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் வருகிறது. தூக்கமும் பசியும் கெடும். "உங்களுக்குப் பாரமாயிட்டேன்" என்ற பேச்சு வரும். மூளையின் இடது முன்பக்கத்தில் அடிபட்டால்தான் இது அதிகம் வரும் என்று அமெரிக்காவில் ராபர்ட் ராபின்சன் குழுவினர் 1980களில் சொன்னார்கள். 2000-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அது நிற்கவில்லை. ஆகவே ஸ்கேனில் வலது பக்கம் என்றிருக்கிறது, மனச்சோர்வு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை உண்டு, பலருக்குக் கேட்கும். ஆனால் கால் சீக்கிரம் வரும் என்று அதே மாத்திரையைக் கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஃப்ளுவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்து 2018-இல் முடிவு சொன்னார்கள்: மனச்சோர்வு குறைந்தது, கை கால் தேறுவதில் பலன் இல்லை, எலும்பு முறிவு கூடியது. முனைப்பின்மைக்கு இந்த வகை மாத்திரைகள் பெரும்பாலும் உதவுவதில்லை.

சிலர் பேரனைப் பார்த்த மாத்திரத்தில் குபுக்கென்று அழுவார்கள், ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். அதை வைத்து மனச்சோர்வு என்று முடிவு கட்ட வேண்டாம். அழுகையை அடக்கும் கட்டுப்பாடு போயிருக்கலாம். அதற்கும் மருந்து இருக்கிறது. பேரனை மட்டும் தடுக்காதீர்கள்.

கவனத்தின் கதை இன்னும் விசித்திரம். வலது பக்க மூளையில் வாதம் வந்த ஒரு பாட்டி, தட்டின் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு "மீனே வைக்கலை" என்று மருமகளை ஏசிக்கொண்டிருந்தார். இடது பக்கம் இரண்டு சூடை வறுவல் அப்படியே இருந்தது. தட்டைத் திருப்பி வைத்தேன். "இப்பத்தான் வைக்க மனசு வந்துச்சா?" என்றார். கண்ணில் கோளாறு இல்லை. இடது மூளை பெரும்பாலும் வலது பக்கத்தை மட்டும் கவனிக்கிறது, வலது மூளை இரண்டு பக்கமும் கவனிக்கிறது. வலது போனால் இடப்பக்க உலகமே போய்விடுகிறது. நினைவிலும் போகும். 1978-இல் இத்தாலியின் மிலான் நகரில் இப்படிப்பட்டவர்களிடம், ஊரின் பெரிய தேவாலயச் சதுக்கத்தில் நிற்பதாக நினைத்து எதிரே இருப்பதைச் சொல்லச் சொன்னார்கள். வலப்பக்கக் கட்டடங்களைத்தான் சொன்னார்கள். எதிர்முனையில் நிற்பதாக நினைக்கச் சொன்னதும், முன்பு விட்ட கட்டடங்களைச் சொல்லி, சொன்னவற்றை விட்டுவிட்டார்கள். பாட்டியிடம் எங்கள் தெருவை வைத்து நானும் கேட்டேன். கரைக்குப் போகும்போது ஒரு சாரி வீடுகள், திரும்பும்போது மறு சாரி. போகும்போது விட்ட வீடுகளில் சொந்தத் தங்கை வீடும் ஒன்று. தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, அதைக் கண்ணால் தேடிப் பிடித்த பிறகே சாப்பிடப் பழக்கினோம். அடுப்படிக்கு மட்டும் தனியாக விடவில்லை.

ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகச் சொல்லி உறவில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். எங்கள் பக்கம் சாதி, மதம் பாராமல் போவார்கள். நான் தடுப்பதில்லை, ரத்த அழுத்த மாத்திரையும் ஆஸ்பிரினும் பையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுவேன். சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் போங்கள்; டெலி மானஸ் 14416 எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

நீங்கள் எழுதியதில் அழுகையும் இல்லை, தூக்கக் கேடும் இல்லை. முனைப்பின்மை என்றுதான் எனக்குப் படுகிறது. அடுத்த முறை நரம்பியல் டாக்டரைப் பார்க்கும்போது ஸ்கேன் அறிக்கையைக் கொண்டுபோய் முன்மூளை, பேசல் கேங்ளியா, தலாமஸ் இவற்றில் பாதிப்பு உண்டா என்று கேளுங்கள். தைராய்டு, சோடியம் ரெண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அவை குறைந்தாலும் ஆள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார், அதைச் சரிசெய்வது சுலபம்.