எதிர்வீட்டுப் பையன் மிஷனரியாக லிமாவுக்குப் போகிறான்: என்ன கொடுக்கலாம், எப்படித் தொடர்பில் இருக்கலாம்?

கேள்வி: அமெரிக்காவில், யூட்டாவில் குடியிருக்கிறோம். எதிர்வீட்டார் மார்மன் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த குடும்பம். அவர்கள் பையனும் என் மகனும் சின்ன வயதிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவன் இப்போது இரண்டு வருடத்துக்கு, சபையின் மதத்தைப் பரப்பும் மிஷனரியாக பெரு நாட்டின் லிமாவுக்குப் போகிறான். மகன் அவனோடு பேசிக்கொண்டிருக்க முடியுமா? முறுக்கு, அதிரசம் பார்சல் அனுப்பலாமா? கிளம்பும்போது என்ன கொடுப்பது? அங்கே அவன் நாள் எப்படிப் போகும்?

பதில்: மகனுடைய கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், இதில் முக்கியமானது அதுதான். தினமும் அரட்டை அடிக்க முடியாது. ஆனால் தொடர்பு அறுந்தும் போகாது. மிஷனரிகளுக்கு வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, சொந்த வேலைக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. துணி துவைப்பது, சாமான் வாங்குவது, முடி வெட்டுவது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம் அன்றைக்குத்தான். முன்பெல்லாம் பெற்றோரோடு தொலைபேசியில் பேசுவதே வருடத்துக்கு இரண்டு தடவைதான், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். 2019 பிப்ரவரியிலிருந்து வாரா வாரம் வீடியோவில்கூடப் பேசலாம் என்று சபை மாற்றியது. அந்த நேரம் குடும்பத்துக்கானது. நண்பர்களுக்கு மின்னஞ்சலே நல்ல வழி.

மகனை ஞாயிறு இரவுக்குள் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பதில் இரண்டு வரியில் வரலாம். எல்லாருக்கும் பொதுவாக எழுதிய ஒரே கடிதமாகவும் வரலாம். அதற்காக வருத்தப்பட வேண்டாம். எதை எழுதுவது? பள்ளித் தோழர்கள் எங்கே சேர்ந்தார்கள், தெருவில் என்ன நடக்கிறது, எந்த அணி ஜெயித்தது. டிவி, சினிமா, காதல் எதுவும் இல்லாத இரண்டு வருடம் அது. ஊரின் சாதாரணச் செய்திதான் அவனுக்கு அருமையாக இருக்கும். திரும்பி வர இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக் காட்டும் கடிதம் மட்டும் வேண்டாம்.

அவன் நாள் இப்படிப் போகும்: காலை ஆறரை மணிவாக்கில் எழுந்திருப்பது, அரை மணி நேரம் உடற்பயிற்சி, வேதப் படிப்பு, ஸ்பானிஷ் படிப்பு. பத்து மணியளவில் வெளியே கிளம்பினால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு. பத்தரைக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். இந்த அட்டவணை சீக்கிரமே பழகிவிடும். பழக நாளாவது கூடவே இருக்கும் தோழன். மிஷனரிகள் எப்போதும் இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். குளியலறை தவிர வேறெங்கும் தனியாக இருக்கக் கூடாது. தோழன் யார் என்பதை அந்தப் பகுதியின் மிஷன் தலைவர் முடிவு செய்வார். ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒரு முறை இடமாற்றம் வரும். அப்போது தோழன் மாறலாம், பகுதியும் மாறலாம். சொந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வளர்ந்த பையனுக்கு இது பெரிய சோதனை. அவன் கடிதத்தில் எரிச்சல் தெரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் தோழன் பெருக்காரனாகவோ பொலிவியாக்காரனாகவோ அமைந்தால் அதைவிட நல்லது வேறில்லை. ஸ்பானிஷுக்குக் கிடைக்கும் பயிற்சி சுமார் ஆறு வாரம்தான். அமெரிக்கப் பையன்கள் பலர் மெக்சிகோ நகரத்தில் 2013இல் திறந்த மையத்தில் அதை முடிக்கிறார்கள். அந்த ஸ்பானிஷோடு லிமா சந்தையில் போய் நின்றால் முதல் சில மாதம் பாதி பேச்சு புரியாது. சாப்பிடும்போதும் நடக்கும்போதும் உள்ளூர்த் தோழனிடமிருந்துதான் மொழி வரும்.

லிமா என்றதும் கடலோர மிராஃப்ளோரஸ் படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவன் வேலை சான் ஹுவான் தே லுரிகாஞ்சோ போன்ற பகுதியில் அமையலாம். அந்த ஒரு மாவட்டத்திலேயே பத்து லட்சத்துக்கு மேல் ஜனம். வறண்ட குன்றுகளின் மேல் வரை வீடுகள், அவற்றுக்கு ஏற நீளமான சிமெண்ட் படிக்கட்டுகள். கீழே ஓடும் மோட்டோடாக்சிகளில் பல நம்ம ஊர் பஜாஜ் ஆட்டோக்கள்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலே தெரியாது. மூடுபனியும் லேசான தூறலும் ஈரக் குளிரும்தான். வீடுகளில் ஹீட்டர் இருக்காது, துவைத்த துணி லேசில் காயாது.

நாட்டில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவன் தட்டும் கதவுகளில் பல திறக்காது. திறப்பவர்களும் இன்னொரு நாள் வாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புவார்கள், சொன்ன நாளில் போனால் வீட்டில் இருக்க மாட்டார்கள். கேட்பவர்களை ஞானஸ்நானம் வரை அழைத்துப் போவதே அவனுடைய பணியின் நோக்கம். அதோடு சபைக் கட்டடத்தில் இலவச ஆங்கில வகுப்பு எடுப்பது, யாராவது வீடு கட்டினால் செங்கல் சுமப்பது போன்ற வேலைகளும் உண்டு. பதினெட்டு வயதில் தினமும் இத்தனை மறுப்பைக் கேட்டும் மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புவது லேசான காரியம் இல்லை. நம் மதம் எதுவானாலும் அதை மதிக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். பெருவில் மதிய உணவுதான் பெரிய உணவு. மிஷனரிகளுக்குச் சமைத்துப் போடும் பென்சியோனிஸ்தா என்ற அம்மாக்கள் பல பகுதிகளில் இருக்கிறார்கள். சோறு, கோழி, உருளைக்கிழங்கு தினமும் இருக்கும், திங்கட்கிழமை பருப்பு சமைப்பது அங்கே வழக்கம். ஆகவே பார்சல் வேண்டாம். தபால் தாமதமாகும், சுங்கத்திலும் மாட்டலாம். கிளம்பும் முன் வீட்டுக்குக் கூப்பிட்டு வயிறாரப் பரிமாறுங்கள். காப்பியும் டீயும் அவர்கள் குடிப்பதில்லை, மோர் கொடுக்கலாம்.

பரிசு என்றால் காலுக்கு உதவுவதாக இருக்கட்டும். கருப்பு நடைக் காலணி, அளவைப் பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தடித்த கருநிற சாக்ஸ் ஆறு ஜோடி. மடித்து வைக்கக்கூடிய மழைக்கோட்டும் நல்லது. டிரிம்மர் மாதிரி மின்கருவி வாங்கினால் 220 வோல்ட்டில் ஓடுமா என்று பாருங்கள், பெருவில் மின்சாரம் அதுதான். நாவல், வீடியோ கேம் வேண்டாம். பணமாகக் கொடுக்கவும் தயங்க வேண்டாம்: இந்தப் பணிக்குச் சம்பளம் கிடையாது, 2020 ஜூலையிலிருந்து அமெரிக்க மிஷனரியின் பங்கு மாதம் 500 டாலர், அதைக் கட்டுவது அவனும் குடும்பமும்தான்.

பத்திரமா என்றால், எந்தப் பெருநகரத்தையும் போலத்தான். கைபேசி பறிப்பு உண்டு, குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. இரண்டையும் அவனுக்கு அங்கேயே சொல்லிக் கொடுப்பார்கள்.

ஒன்று மட்டும் நீங்கள் கேட்காமலே சொல்கிறேன். உடம்புக்கு முடியாமலோ மன அழுத்தத்தாலோ இரண்டு வருடம் முடியும் முன்பே திரும்பி வருபவர்கள் உண்டு. சபைக்காரர்கள் நிறைந்த தெருவில் அந்தப் பையனுக்கு வெளியே தலைகாட்டவே கூச்சமாக இருக்கும். அப்படி நேர்ந்தால் ஏன் வந்தாய் என்று நீங்களும் மகனும் கேட்காதீர்கள். அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வாரமே சாப்பிடக் கூப்பிடுங்கள்.