ரம்பத்தை எடுக்கும் முன் மோசினைக் கழுவுங்கள்

கேள்வி: என்னிடம் உரிமத்துடன் மோசின்-நகாந்த் 91/30 ரைஃபிள் ஒன்று இருக்கிறது. 1939 என்று பொறித்திருக்கிறது. 100 மீட்டரில் சுட்டால் குறிக்கு 15 செ.மீ. மேலே படுகிறது. பத்துப் பதினைந்து தோட்டாவுக்குப் பிறகு, குழலின் பின்வாயை மூடும் போல்ட் இறுகிவிடுகிறது, உள்ளங்கையால் அடித்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. ரைஃபிளின் மரக்கட்டையை வெட்டி, குழலையும் கொஞ்சம் குறைத்து, மேலே துளை போட்டு ஸ்கோப் வைத்தால் அருமையான வேட்டை ரைஃபிள் ஆகிவிடும் என்கிறார் நண்பர். ஒரு தகரப் பெட்டி நிறைய பழைய சோவியத் தோட்டாக்களும் கிடைத்திருக்கின்றன. அடுத்து லீ-என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ரைஃபிள் ஒன்று வாங்கவும் ஆசை. எதை முதலில் செய்வது?

பதில்: ரம்பத்தையும் டிரில்லையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுமே வெட்டினால் தீருகிறவை அல்ல. ஒன்று அழுக்கு, இன்னொன்று ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத உயர வித்தியாசம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்த ரைஃபிளை விற்பனைக்கு வெளியே அனுப்பும் முன் சோவியத் ஆயுதக் கிடங்குகளில் பிரித்துப் பழுது பார்த்திருப்பார்கள். அப்போது ஒரு ரைஃபிளின் போல்ட் இன்னொரு ரைஃபிளுக்குப் போனது சர்வ சாதாரணம். பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண் பொறித்திருப்பார்கள். ஆகவே குழலிலும் போல்ட்டிலும் ஒரே எண் இருக்கிறது என்பதாலேயே இரண்டும் ஆதியிலிருந்து ஒன்றாக இருந்தவை என்று சொல்லிவிட முடியாது. எனவே ஹெட்ஸ்பேஸ் சோதனை கட்டாயம். போல்ட் மூடிய நிலையில் அதன் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி அது. மோசினுக்கான 7.62×54ஆர் தோட்டாவில் இந்த அளவு விளிம்பின் தடிமனை வைத்து அமைகிறது. இதைப் பார்க்க கேஜ் என்ற அளவுக் கட்டைகள் உண்டு. ‘கோ’ கேஜ் வைத்தால் போல்ட் மூட வேண்டும், ‘நோ-கோ’ வைத்தால் மூடக்கூடாது. ‘ஃபீல்டு’ கேஜிலும் மூடிவிட்டால் அந்த ரைஃபிளைச் சுடுவதை அன்றோடு நிறுத்துங்கள். கேஜ் இல்லையென்றால் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பார்த்து வாங்கிவிடுங்கள். செலவைப் பார்க்கக்கூடாத இடம் இது.

நீங்கள் ஏற்கெனவே சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளை, அதாவது கேஸ்களையும் எடுத்துப் பாருங்கள். விளிம்புக்குச் சற்று மேலே உடலைச் சுற்றி ஒரு பளபளப்பான வளையம் தெரிகிறதா? மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து கேஸின் உள்ளே விட்டு, அடியிலிருந்து மேலே இழுத்து வாருங்கள். அந்த இடத்தில் நுனி பள்ளத்தில் சிக்கினால் உலோகம் அங்கே மெலிந்துகொண்டிருக்கிறது, கேஸ் இரண்டாகப் பிரியத் தயாராக இருக்கிறது என்று பொருள். கேஸின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரில் ஊசி பட்ட குழியையும் கவனியுங்கள். துளையே விழுந்திருந்தால் சுடும் ஊசி அளவுக்கு மீறி வெளியே நிற்கிறது. மோசினின் கருவிப் பையில் வரும் தட்டையான திருப்புளியின் ஓரத்தில் 75, 95 என்று எண் பொறித்த இரண்டு வெட்டுகள் இருக்கும். அவற்றை போல்ட் முகத்தின் குறுக்கே வைத்து நகர்த்தினால் ஊசி நுனி 95-இல் உரசாமல் போக வேண்டும், 75-இல் தட்ட வேண்டும். அங்குலத்தில் 0.075 முதல் 0.095 வரை என்பதே அந்தக் கணக்கு. ஊசி மரையில்தான் உட்கார்ந்திருக்கிறது. திருகினால் உள்ளே போகும், வெளியே வரும். போல்ட்டைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் இதைப் பார்த்துவிட்டுத்தான் சுட வேண்டும்.

இனி போல்ட் இறுகும் கதை. காலியாக இருக்கும்போது லேசாகத் திறக்கிறது, சூடேறச் சுட்ட பிறகு மட்டும் இறுகுகிறது என்றால் காரணம் சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில் இருக்கிறது. பல பத்தாண்டுகள் கிடங்கில் துருப்பிடிக்காமல் இருப்பதற்காக இந்த ரைஃபிள்களைக் காஸ்மோலின் என்ற கெட்டிக் கிரீஸில் முழுக்காட்டி வைத்தார்கள். வெளியே துடைத்துவிட்டோம் என்று நினைப்போம். சேம்பரின் கழுத்துப் பகுதியிலும், போல்ட்டின் பூட்டுப் பற்கள் சுழலும் பள்ளங்களிலும் அது மெழுகாக உறைந்து கிடக்கும். குழல் சூடானதும் இளகி, கேஸைப் பிடித்துக்கொள்ளும். எஃகு கேஸின் மேல் பூசிய அரக்கு உருகி ஒட்டுகிறது என்று பலரும் பழியை அங்கே போடுகிறார்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது காஸ்மோலினைத்தான்.

மினரல் ஸ்பிரிட்டில் நனைத்த, சேம்பர் அளவுக்குப் பொருந்தும் வெண்கல பிரஷ்ஷை விட்டுச் சுழற்றுங்கள். துணி வெள்ளையாக வெளியே வரும்வரை விடாதீர்கள். ஒரு மாலைப்பொழுது போகும். போல்ட்டையும் முழுதாகப் பிரித்து ஊசியும் ஸ்பிரிங்கும் இருக்கும் குழியைக் கழுவுங்கள். அங்கே கிரீஸ் இருந்தால் அடி பலவீனமாக விழுந்து தோட்டா வெடிக்காமல் போகும். ஸ்பிரிட்டோ ஆல்கஹாலோ கட்டையின் மேல் சிந்தவிடக்கூடாது. சோவியத் கட்டைகளின் செம்பழுப்பு மினுக்கு ஷெல்லாக் என்ற பூச்சு, ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும். இவ்வளவுக்குப் பிறகும் இறுகினால் சேம்பரில் துருக்குழி இருக்கலாம். அதை பழுதுபார்ப்பவர் பார்க்கட்டும்.

குறி மேலே போவதற்கு வருகிறேன். குறி பார்க்கக் குழலின் மேல் முன்குறி, பின்குறி என்று இரண்டு உண்டு. 91/30-இன் பின்குறியில் 1 முதல் 20 வரை எண்கள் உண்டு, 100 மீட்டருக்கு ஒன்று வீதம். முதலில் அது 1-இல் இருக்கிறதா என்று பாருங்கள். 3-இல் வைத்து 100 மீட்டரில் சுட்டால் மேலே போவது ரைஃபிளின் குறையே அல்ல. இன்னொன்று, இந்த ரைஃபிளைத் தொழிற்சாலையில் பயனெட் என்ற குழல்முனை ஈட்டியை மாட்டிய நிலையில்தான் குறி சரிபார்த்தார்கள். பயனெட் இல்லாமல் சுட்டால் குழலின் அதிர்வு மாறும், குண்டு படும் இடமும் மாறும்.

1-இல் வைத்தும் 15 செ.மீ. மேலே போகிறது என்றால் முன்குறியை உயர்த்த வேண்டும். எவ்வளவு? முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே சுமார் 62 செ.மீ. 100 மீட்டரில் 15 செ.மீ. இறங்க வேண்டுமானால் முன்குறி 0.93 மி.மீ. உயர்ந்தால் போதும். மின்கம்பியின் மேலுறையில் ஒரு துண்டு நறுக்கி முன்குறித் தூணின் மேல் செருகி, தூணுக்கு மேலே அந்த அளவு நிற்கும்படி கத்தியால் சீவுங்கள். சுட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சீவுங்கள். பார்க்க எளிமையாக இருக்கும், ஆனால் நன்றாக உழைக்கும், பிடிக்காவிட்டால் விரலால் உருவி எறியலாம். பக்கவாட்டில் விலகினால் முன்குறியை அது உட்கார்ந்திருக்கும் காடியில் தட்டி நகர்த்த வேண்டும். குண்டு இடதுபுறம் பட்டால் முன்குறியும் இடதுபுறம்தான் போக வேண்டும். பலர் இதை மாற்றிச் செய்துவிட்டுக் குழம்புகிறார்கள்.

எதிர்பார்ப்பும் சரியான அளவில் இருக்கட்டும். சாதாரணக் காலாட்படை ரைஃபிளுக்கு சோவியத் ராணுவம் கேட்டது, 100 மீட்டரில் நான்கு தோட்டா 15 செ.மீ. வட்டத்துக்குள் விழ வேண்டும் என்பதுதான். நல்ல குழலும் நல்ல தோட்டாவும் அமைந்தால் இதைவிட வெகு நன்றாகவே சுடும். சிதறலாக விழுந்தால் முதலில் கட்டையோடு இரும்பைப் பிணைக்கும் இரண்டு திருகுகளையும் இறுக்கிப் பாருங்கள். கழற்றும்போது அடியில் மெல்லிய தகடு ஏதாவது இருந்தால் எறிந்துவிடாதீர்கள், யாரோ காரணத்தோடு வைத்தது. அடுத்துக் குழல்வாயைப் பாருங்கள். முன்னாலிருந்து கம்பி விட்டுத் துடைத்துத் துடைத்துப் பல ரைஃபிள்களில் குண்டைச் சுழலவைக்கும் புரிகள் வாய்ப்பக்கத்தில் தேய்ந்திருக்கும். கிடங்குக்காரர்கள் அந்தத் தேய்ந்த பகுதியை மட்டும் அகலமாகக் கடைந்துவிடுவதும் உண்டு. பார்க்க வினோதமாக இருந்தாலும் அது முறையான பழுதுநீக்கம்தான், பயப்பட வேண்டாம்.

இப்போது தோட்டாப் பெட்டி. அதில் இருப்பவை அரிக்கும் பிரைமர் கொண்டவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரைமரில் உள்ள பொட்டாசியம் குளோரேட் எரிந்து பொட்டாசியம் குளோரைடாக, அதாவது ஒருவகை உப்பாக, குழல் முழுக்கப் படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்து, ஒன்றிரண்டு நாளிலேயே துருவை ஆரம்பித்துவைக்கும். எண்ணெயில் உப்பு கரையாது. சுட்ட அன்றே எண்ணெய் போட்டுத் துடைத்தேன், அப்படியும் துருப்பிடித்தது என்று புலம்புகிறவர்கள் எல்லோரும் செய்வது இதுதான். உப்புக்கு மருந்து தண்ணீர். போல்ட்டை எடுத்துவிட்டு, சேம்பர் பக்கத்திலிருந்து புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றுங்கள், கட்டைக்குள் போகாதபடி. போல்ட் தலையையும் ஊசியையும் தனியே கழுவுங்கள். வெந்நீரில் இரும்பு சூடாகித் தானே உலரும், ஈரம் மிச்சமிருந்தால் துணி விட்டுத் துடைத்து, அதற்குப் பிறகுதான் எண்ணெய். மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டுப் பாருங்கள். செம்பழுப்பு வந்தால் மறுபடியும் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதில் வேலை செய்வது தண்ணீர்தான்.

குண்டின் முனை நிறத்தையும் பாருங்கள். வெள்ளி நிறம் சாதாரண லேசான குண்டு, அதற்குள் மிருதுவான எஃகுக் கரு உண்டு. மஞ்சள் என்றால் கனமான குண்டு. பச்சை ஒளிக்கோடு விடும் ரகம். கறுப்பும் அதன் கீழே சிவப்பும் இருந்தால் கவசத்தைத் துளைத்துத் தீ மூட்டும் ரகம், அதைச் சுடுதளத்துக்கு எடுத்துப் போகவே கூடாது. எஃகுக் கரு உள்ளதைக்கூடப் பல சுடுதளங்கள் காந்தம் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பும். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழல் குறியை நோக்கியபடியே அரை நிமிடமாவது காத்திருந்து போல்ட்டைத் திறங்கள். பழைய தோட்டா தாமதமாக வெடிக்கலாம். சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். போல்ட்டைக் கழற்றி, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்த தோட்டாவைப் போடாதீர்கள்.

நண்பர் சொன்ன யோசனை ஒருகாலத்தில் நியாயமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மவுசர், ஸ்பிரிங்ஃபீல்டு, லீ-என்ஃபீல்டு போன்ற ராணுவ ரைஃபிள்கள் மலிவாகக் குவிந்து கிடந்தபோது, அவற்றை வெட்டி வேட்டைக்குத் தயார் செய்தவர்கள் அந்தக் காலத்துக்கு ஏற்றதைச் செய்தார்கள். இன்று தொழிற்சாலையிலிருந்து வந்த உருவிலேயே இருக்கும் ரைஃபிள்கள் குறைந்துகொண்டே வருகின்றன. வெட்டிய அன்றே உங்கள் மோசினின் மதிப்பு விழும், திரும்ப ஏறாது. குழலைக் குறைத்தால் முன்குறி போகும், வாயைப் புதிதாகக் கடைய வேண்டும், சத்தமும் சுடரும் கூடும். பல நாடுகளில் ஒரு குறிப்பிட்ட நீளத்துக்குக் கீழே போனால் சட்டத்தின் பார்வையில் அது வேறு வகை ஆயுதம். மேலே துளை போட்டு ஸ்கோப் வைத்தாலோ, நேராக நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் கைப்பிடி திறக்கும்போது எழுந்து ஸ்கோப்பில் முட்டும். சோவியத் ஸ்னைப்பர் ரைஃபிள்களில் கைப்பிடியை நீட்டிக் கீழே வளைத்தது அதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. போருக்குப் பின் பல ஸ்னைப்பர் ரைஃபிள்களிலிருந்து ஸ்கோப்பைக் கழற்றி, திருகுத் துளைகளை அடைத்துச் சாதாரண ரைஃபிளாக்கிவிட்டார்கள். போல்ட் ஓடும் இரும்புப் பகுதியின் இடது சுவரை, கட்டையிலிருந்து கழற்றி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அடைத்த வட்டங்கள் தெரிந்தால் உங்கள் கையில் இருப்பது வேறு ரகம். சதுரக் கட்டத்துக்குள் எஸ்ஏ என்ற ரோமன் எழுத்துகள் இருந்தால் அது ஃபின்லாந்து ராணுவத்தின் கையில் இருந்தது.

ஸ்கோப் வேண்டுமென்றால் பின்குறியின் இலையைக் கழற்றி அந்த இடத்தில் உட்காரும் மவுண்ட் கிடைக்கிறது. துளை வேண்டாம். கண்ணிலிருந்து தள்ளி வைத்துப் பார்க்கும் ரக ஸ்கோப்தான் அதற்குச் சேரும். கட்டை பிடிக்கவில்லையென்றால் செயற்கைக் கட்டை ஒன்றை வாங்கி மாட்டுங்கள், பழையதைத் திருகுகளோடு சேர்த்துக் கட்டி ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். விசை கடினமாக இருக்கிறது என்று அதன் கொண்டியை அரம் போட்டுத் தேய்க்காதீர்கள். அளவு தவறினால் ரைஃபிளைக் கீழே ஊன்றும்போதே வெடிக்கும். மாற்று விசை வாங்கிப் போடுவது நல்லது. எப்படியும் வெட்டிய ரைஃபிள்தான் பிடிக்கும் என்றால், வேறு யாரோ எப்போதோ வெட்டி வைத்ததை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இஷ்டம்போல் விளையாடலாம், விலையும் குறைவு.

லீ-என்ஃபீல்டு வாங்கப் போகும்போது முதலில் டிபி (டிரில் பர்பஸ்) என்ற முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கியது, சுடக்கூடாது. முன்கட்டையைச் சுற்றிச் செம்புக்கம்பி கட்டியிருந்தால் கையெறி குண்டு ஏவப் பயன்பட்டிருக்கலாம். தீர விசாரிக்காமல் வாங்க வேண்டாம். இச்சாப்பூர் தொழிற்சாலையில் 1962 போருக்குப் பின் செய்த 2ஏ, 2ஏ1 ரகங்கள் 7.62 நேட்டோ தோட்டாவுக்கானவை, லீ-என்ஃபீல்டின் வழக்கமான .303 தோட்டா அவற்றில் போகாது. நம்பர் 4 ரகத்தில் ஒரு வசதி உண்டு. போல்ட் தலை தனியே கழலும், 0 முதல் 3 வரை எண்ணிட்ட தலைகள் உண்டு. ஹெட்ஸ்பேஸ் கூடியிருந்தால் அடுத்த எண்ணுள்ள தலையைப் போட்டுச் சரிசெய்வார்கள். ஆனால் ஒரே எண்ணுள்ள இரண்டு தலைகளின் நீளம்கூட முன்பின்னாக இருக்கும். எனவே மாற்றிய பிறகும் கேஜ் வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே 3-ஆம் எண் தலை போட்டும் இடைவெளி கூடுதலாக இருக்கும் ரைஃபிளை விற்பவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.