புள்ளிக்கணக்கு சரி, ஆட்டக்காரர்கள் ஏன் செத்தார்கள்?

கேள்வி: நான்கு நண்பர்களுக்கு டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதையாக ஆடும் ஆட்டத்தை 2014ஆம் ஆண்டு விதிகளின்படி நடத்திவருகிறேன். எல்லோரும் மூன்றாம் நிலையில் இருக்கிறார்கள்: போர்வீரர், திருடர், மந்திரவாதி, பாணர். சென்ற அமர்வில், ஒரு நிலவறையில் ஆறு ஷேடோக்களை, அதாவது நிழற்பேய்களை, வைத்தேன். சண்டை எவ்வளவு கடினம் என்று விதிகளின் அட்டவணைப்படி கணக்குப் போட்டபோது ‘கடினம்’ என்றுதான் வந்தது. ‘உயிராபத்து’ என்று வரவில்லை. ஆனால் முதல் சுற்றிலேயே ஆறும் மந்திரவாதியைச் சூழ்ந்து கொன்றுவிட்டன. மூன்றாம் சுற்றில் திருடரும் இறந்தார். ஓடித் தப்பியிருக்கலாம், யாரும் ஓடவில்லை. மந்திரவாதியாக ஆடிய நண்பர் அடுத்த அமர்வுக்கு வருவாரா என்றே தெரியவில்லை. பகடையை மறைத்து உருட்டி எண்ணை மாற்றியிருக்க வேண்டுமா? இனி அரக்கர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதலில் உங்கள் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதில் பிழையே இல்லை. ஒரு நிழற்பேயை வீழ்த்தினால் 100 அனுபவப் புள்ளி, ஆறுக்கு 600. மூன்று முதல் ஆறு அரக்கர்கள் வரை சேர்ந்து வந்தால் இரண்டால் பெருக்க வேண்டும், எனவே 1200. மூன்றாம் நிலை நால்வருக்குக் ‘கடினம்’ 900இல் தொடங்குகிறது, ‘உயிராபத்து’ 1600இல். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் இருந்தீர்கள். 2024இல் வந்த புதிய விதிகளில் இந்தப் பெருக்கலே இல்லை. அந்த அட்டவணையில் இதே 600 புள்ளி மிகக் குறைந்த படிநிலைக்குள் அடங்கிவிடும். அட்டவணை சொன்னதை நீங்கள் மீறவில்லை. அட்டவணைக்கு உங்கள் குழுவைத் தெரியாது, அவ்வளவுதான்.

அதற்குத் தெரியாமல் போனது என்ன? நிழற்பேய் அடிக்கும்போது ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப்புள்ளி, மட்டும் குறைவதில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒன்று முதல் நான்கு வரை வலிமை எண்ணும் குறைகிறது. அது பூஜ்யத்துக்கு வந்தால் பாத்திரம் அங்கேயே சாகிறது. உயிர்காப்புப் பகடை உருட்டும் வாய்ப்புகூடக் கிடையாது. மந்திரவாதிகள் பெரும்பாலும் வலிமைக்கு 8தான் வைத்திருப்பார்கள். கவசம் இல்லாமல் அவருடைய ஆர்மர் கிளாஸ், அதாவது அவர்மேல் அடி படத் தாக்குபவர் எட்ட வேண்டிய எண், 12 என்று வைத்துக்கொள்வோம். தாக்குதல் பகடையோடு 4 சேர்வதால், இருபது பக்கப் பகடையில் 8 விழுந்தாலே நிழற்பேயின் அடி படுகிறது. ஆறு அடிகளில் நான்கு பட்டுவிடும். ஒரு அடிக்குச் சராசரியாக இரண்டரை வலிமை என்றால் நான்கு அடிக்குப் பத்து. பகடை வழக்கமாக விழுந்தாலே முதல் சுற்றில் மந்திரவாதி செத்துத்தான் ஆக வேண்டும். இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது.

மறுபக்கத்தையும் பாருங்கள். நிழற்பேய்க்கு 16 ஹிட் பாயிண்ட்தான், ஆனால் மந்திரம் ஏறாத ஆயுதம் எதுவும் அதற்குப் பாதிச் சேதம்தான் செய்யும். போர்வீரரின் வாள் ஒரு வீச்சுக்குச் சராசரியாக ஏழரை என்றால், இங்கே அது மூன்றரை. இரண்டு மூன்று வீச்சில் சாய வேண்டியதற்கு ஐந்து வீச்சு தேவைப்படுகிறது. திருடரின் மறைவுத் தாக்குதலும் பாதி; நெருப்பும் அதைப் பாதிதான் சுடும் என்பதால் மந்திரவாதியின் நெருப்புக் கணையும் பாதி. காகிதத்தில் 96 ஹிட் பாயிண்டாக இருந்த ஆறு பேய்கள் உங்கள் குழுவுக்கு ஏறக்குறைய 192ஆக எழுந்து நின்றிருக்கின்றன. இதற்குப் பதிலாக ஓர் ஆந்தைக்கரடியை வைத்திருந்தால் அதன் மதிப்பு 700 புள்ளி. பெருக்குவதற்கு முந்தைய உங்கள் 600ஐவிட அதிகம். ஆனால் அதற்கு 59 ஹிட் பாயிண்ட், எந்த எதிர்ப்புச் சக்தியும் இல்லை, ஒரு சுற்றுக்கு இரண்டே தாக்குதல். உங்கள் நால்வர் அதை வியர்க்க விறுவிறுக்க அடித்துச் சாய்த்திருப்பார்கள்.

குழுவில் ஒரு கிளெரிக், அதாவது தெய்வ சக்தி கொண்ட பூசாரி, இருந்திருந்தால் கதையே வேறு. இறந்தும் நடமாடுபவற்றை விரட்டும் ஆற்றல் இரண்டாம் நிலையிலேயே அவருக்கு வந்துவிடுகிறது. ஆறில் மூன்று நான்கு பேய்கள் திரும்பி ஓடியிருக்கும். ஐந்தாம் நிலைக் கிளெரிக் என்றால் இதே ஆற்றல், எதிர்த்து நிற்க முடியாத நிழற்பேய்களை அந்த நொடியே அழித்துவிடும். ஒரே அரக்கன், ஒரே எண். ஒரு குழுவுக்கு மரணம், இன்னொன்றுக்குப் பொழுதுபோக்கு.

ஆகவே அரக்கன் எவ்வளவு கடினம் என்று சொல்லும் எண்ணான சேலஞ்ச் ரேட்டிங்கைப் பார்ப்பதற்கு முன் அரக்கனின் தாக்குதல் விவரத்தை வரி வரியாகப் படியுங்கள். ஹிட் பாயிண்டைத் தாண்டிப்போய் ஆளை வீழ்த்தும் ஏதாவது அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அதற்கு உங்கள் குழுவின் கையில் மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள். நான் எல்லோரையும் எச்சரிக்கும் அரக்கன் இன்டலெக்ட் டிவவரர், அறிவை உண்ணும் மூளைப் பிராணி. சேலஞ்ச் ரேட்டிங் 2தான். அறிவு 8 உள்ள ஒரு போர்வீரர் அதன் ஒவ்வொரு முயற்சியிலும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் செயலற்று விழுவார். அவரை மீட்கும் மந்திரம் மூன்றாம் நிலைக் குழுவில் யாரிடமும் இருக்காது. ஆட்டத்தின் மிச்ச நேரம் முழுவதும் அந்த நண்பர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பான்ஷீ என்ற பெண்பேயின் ஓலமும் இதே வகை.

இன்னொன்று, ஒரு சுற்றில் எந்தப் பக்கம் எத்தனை முறை செயல்படுகிறது என்பது. உங்கள் பக்கம் நான்கு, எதிர்ப்பக்கம் ஆறு. அந்த ஆறும் ஒருவரையே தாக்க முடியும் என்றால் அட்டவணையை மூடிவைத்துவிடலாம்.

இனி, ‘ஓடித் தப்பியிருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களால் முடிந்திருக்காது. மனிதரின் வேகம் ஒரு சுற்றுக்கு 30 அடி, நிழற்பேய்க்கு 40. கதவைச் சாத்தினாலும் ஓர் அங்குல இடைவெளி போதும், அது உள்ளே வழிந்து வந்துவிடும். தப்ப வழியில்லாத இடத்தில் தப்பவில்லையே என்று ஆட்டக்காரர்களைக் குறைசொல்வது நியாயமில்லை. அந்த வழியை நீங்கள்தான் முன்கூட்டியே வரைபடத்தில் வைக்க வேண்டும். இந்தப் பேய்க்கு அது எளிது, ஏனென்றால் வெயிலில் அதன் கை தளர்ந்துவிடும்: தாக்கும்போது இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். நிலவறையின் கூரையில் ஓர் உடைப்பு, அதன் வழியே தரையில் விழும் பத்தடி வெளிச்சம். அவ்வளவு போதும். மந்திரவாதி அந்த வெளிச்சத்துக்குள் போய் நின்றுகொள்ள வேண்டும் என்பது ஆட்டக்காரருக்கே தோன்றும். தோன்றும் அந்த நொடிக்காகத்தானே இந்த ஆட்டத்தை ஆடுகிறோம்!

எச்சரிக்கையும் அதே அளவு முக்கியம். நிலவறைக்கு முந்தைய அறையில் ஒரு பிணத்தைக் கிடத்துங்கள். உடலில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் கைகள் குச்சியாகச் சூம்பிப் போயிருக்கின்றன. பக்கத்தில் கிடக்கும் வாளை அவரால் தூக்க முடியாமல் தரையோடு இழுத்துப்போன தடம் இருக்கிறது. அந்தப் பிணத்தின் பையில் மூன்று குப்பி புனித நீர். ஒரு குப்பி சராசரியாக 7 சேதம் செய்யும்; ஒளிச் சேதம் நிழற்பேய்க்கு இரட்டிப்பு என்பதால் 14. பதினாறில் பதினான்கு! ஒரே பிணத்தில் செய்தியும் ஆயுதமும் கிடைத்துவிட்டன. பாதுகாப்புக்காக ஒரு கிளெரிக்கை நீங்களே இயக்கி உடன் அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல். வெற்றி ஆட்டக்காரர்களுடையதாக இருக்கும்.

சண்டை தொடங்கிய பிறகும் ஒளித்துவைக்காதீர்கள். முதல் அடி பட்டதும், “உங்கள் வலிமை 8இலிருந்து 6 ஆகிறது, பூஜ்யம் ஆனால் மரணம், உயிர்காப்புப் பகடை கிடையாது” என்று நேராகச் சொல்லிவிடுங்கள். தன் கை சோர்ந்துபோவதை அந்தப் பாத்திரம் உணரும். ஆட்டக்காரர் மட்டும் ஏன் இருட்டில் இருக்க வேண்டும்? விதி தெரிந்தால் பயம் போய்விடும் என்பார்கள். நான் பார்த்தவரை, மேசையில் சட்டென்று அமைதி விழுவது அந்த வாக்கியத்துக்குப் பிறகுதான்.

பகடையை மாற்றலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. நீங்கள் ஒருமுறை எண்ணை மாற்றியது தெரிந்தால், அதற்கு முன் அவர்கள் உயிரைக் கொடுத்து வென்ற சண்டைகள் எல்லாம் சந்தேகத்துக்குள்ளாகும். பகடை கையை விட்டுப் போவதற்கு முன் செய்யக்கூடியவை ஏராளம். ஆறையும் ஒன்றாக இறக்காமல் இரண்டிரண்டாக இறக்குங்கள்: முதல் இரண்டு இருட்டிலிருந்து, அடுத்த இரண்டு பந்தம் அணையும்போது. குழு திணறினால் மூன்றாவது இரண்டு வரவே வராது. யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, எதையும் உருட்டவில்லை. உயிருள்ள எதிரிகள் என்றால் இதே ஆட்டத்தின் 1981ஆம் ஆண்டு பேசிக் பதிப்பின் மன உறுதி விதியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு அரக்கனுக்கும் 2 முதல் 12 வரை ஓர் எண் உண்டு. அரக்கர்கள் பக்கத்தில் முதல் ஆள் விழுந்ததும், பிறகு பாதிப் பேர் விழுந்ததும், இரண்டு ஆறுபக்கப் பகடை உருட்ட வேண்டும். எண்ணைத் தாண்டினால் எதிரி ஓடுவான் அல்லது சரணடைவான். கடைசி ஆள்வரை நின்று சாகும் கோப்ளின் என்ற குட்டி அரக்கர் கூட்டத்தை நான் நம்புவதில்லை.

இறந்த இருவரின் விஷயத்துக்கு வருகிறேன். மந்திரவாதியாக ஆடியவரைக் குழுவில் வைத்துப் பேசாதீர்கள், தனியாக அழையுங்கள். கணக்கில் தப்பில்லை என்று வாதாட வேண்டாம். அந்த அறையில் அவருக்குச் செய்ய எதுவும் இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, என்ன வேண்டும் என்று கேளுங்கள். புதிய பாத்திரம் வேண்டுமென்றால் அதே மூன்றாம் நிலையில் தொடங்கட்டும். முதல் நிலைக்குத் தள்ளுவது தண்டனை. பழைய பாத்திரமே வேண்டுமென்றால் விதிக்குள்ளேயே இடமிருக்கிறது. இறந்தவரை எழுப்பும் மந்திரத்துக்கு 500 பொற்காசு மதிப்புள்ள வைரமும் ஒன்பதாம் நிலைக் கிளெரிக் ஒருவரும் வேண்டும். இறந்து பத்து நாளைக்குள் நடக்க வேண்டும். உங்கள் குழுவிடம் இரண்டும் இருக்காது, ஒரு பெரிய கோயிலிடம் இருக்கும். கோயில் சும்மா செய்யாது. இதற்கிடையே, நிழற்பேயின் கையால் மடிந்த தீயவரல்லாத மனிதரின் உடலிலிருந்து சில மணி நேரத்தில் புதிய நிழற்பேய் ஒன்று எழும் என்பதும் விதிதான். மந்திரவாதியின் நிழல் அந்த நிலவறையில் இப்போது தனியாக அலைந்துகொண்டிருக்கிறது.

அடுத்த அமர்வை அந்த நிலவறையில் தொடங்காதீர்கள். உயிர் தப்பிய போர்வீரரும் பாணரும் உடல்களோடு கோயிலுக்குப் போகட்டும். இறந்தவர்களாக ஆடிய இருவருக்கும் கோயிலின் காவலர் இருவரை அந்த ஒரு நாளுக்குக் கொடுங்கள். வழியில் ஒரே ஓர் ஆந்தைக்கரடி. பகடையை மறைக்கும் திரையை எடுத்துவிட்டு, எல்லோரும் பார்க்க உருட்டுங்கள்.