கஜாவுக்குப் பிறகு மாடியில் ஷீட் போடலாமா?

கேள்வி: வேதாரண்யத்தில் இருக்கிறோம். கஜாவில் மாடிக் கொட்டகை மொத்தமாகப் பறந்துவிட்டது. மறுபடி ஷீட் போடலாம் என்றால், "இப்பெல்லாம் வருஷா வருஷம் புயல், காசைக் கரியாக்காதே" என்கிறார் அப்பா. புயல்கள் உண்மையிலேயே கூடிவிட்டனவா?

பதில்: எண்ணிக்கையில் இல்லை. வங்கக் கடலில் 1950களிலிருந்து கணக்குப் பார்த்தால், தாழ்வு மண்டலங்களும் புயல்களும் சேர்த்துக் குறைந்துதான் வந்திருக்கின்றன. (அரபிக் கடல் கதை வேறு, அங்கே கூடியிருக்கிறது.) அப்பாவுக்கு அப்படித் தோன்றுவதில் பெயர்களுக்கும் பங்குண்டு. இங்கே புயலுக்குப் பெயர் வைப்பது 2004இல் வந்த வழக்கம். தானே, வர்தா, கஜா, நிவர் எல்லாம் வாயில் நிற்கின்றன. 1977 நவம்பரில் நாகையைப் புரட்டிப்போட்டதற்குப் பெயரே கிடையாது.

மாறியிருப்பது குணம். கடல் சூடேறியதில், உலக அளவில் கடும்புயல்களின் பங்கு கடந்த நாற்பது ஆண்டுகளில் ஏறியிருக்கிறது. மழையும் அப்படித்தான்: காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைச் சுமக்கும். 2024இல் வந்த ஃபெஞ்சல், காற்றை வைத்துப் பார்த்தால் சாதாரணப் புயல். மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டிவிட்டுப் போனது.

சரி, ஷீட்டுக்கு வருவோம். போடலாம், பழைய மாதிரி அல்ல. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்கு. அந்த விசை கூரையை அமுக்குவதைவிட மேலே இழுப்பதுதான் அதிகம். ஓரங்களிலும் மூலைகளிலும் இழுப்பு இன்னும் கடுமை. அங்கெல்லாம், ஷீட்டைக் கீழேயுள்ள சட்டத்தோடு பிடிக்கும் ஜே போல்ட்டை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். வாஷர் இல்லாமல் முடுக்கவிடாதீர்கள்.

ஆனால் உங்கள் கொட்டகை 'மொத்தமாக'ப் பறந்தது என்கிறீர்களே, அப்படியானால் ஷீட்டைச் சட்டம் விடவில்லை, சட்டத்தைத் தளம்தான் விட்டுவிட்டது. பைப் தூண்களைத் தளத்தின்மேல் சும்மா நிறுத்தி சிமென்ட் பூசினால் இப்படித்தான் ஆகும். அடியில் பிளேட் வைத்து, பீமுக்குள் இறங்கும் ஆங்கர் போல்ட்டால் பிடிக்க வேண்டும். மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்துவிடுவது மோசம். புகுந்த காற்று போக வழியில்லாமல் கூரையைத் தூக்கும். எதிரெதிர் பக்கங்களைத் திறந்துவிடுங்கள், அல்லது நான்கையும் அடையுங்கள்.

அப்புறம், புயல் நடுவே காற்று சட்டென்று நின்றால், போல்ட்டைப் பார்க்கிறேன் என்று மாடியேறாதீர்கள். அது புயலின் கண். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அடிக்கும்.